அறுநூற்று நாற்பது கிலோவும் அரைப் பவுன் கம்மலும்

எடைமேடை அய்யாக்குட்டி கம்ப்யூட்டருக்குள் இருந்த தங்கத்தைச் சுரண்டி, மகளுக்குக் கம்மல் செய்து போட்டுவிட்டார் என்று போன மாதம் மூன்று இடங்களில் கேள்விப்பட்டேன். துறைமுகச் சாலையில் உப்பு லாரிக்காரர்கள் சொன்னபோது கம்மல் அரைப் பவுன். பழைய பேருந்து நிலையத்துக்கு வந்தபோது இரண்டு பவுன். மீன்பிடித் துறைமுகத்தில் ஒருவர் ஐந்து பவுன் என்றார். கூடவே ஒரு ஒட்டியாணத்தையும் சேர்த்துக்கொண்டார். அவர் அய்யாக்குட்டியைப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததும் இல்லை. கடலில் முத்துக் குளிப்பு நின்று அறுபது ஆண்டு தாண்டிய பிறகும் தன்னை முத்துநகர் என்று சொல்லிக்கொள்ளும் ஊரில், பார்க்காத பொருளுக்கு எடை சொல்வது பெரிய குற்றமில்லை.

நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்தக் கம்மல் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். அய்யாக்குட்டியின் மகள் அனுசியாவைக் கட்டிக்கொடுத்தது சாத்தான்குளத்தில், ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில். வதந்தி காய்கறி லாரியில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தது. மாமியார் பொன்செல்வி, மருமகளின் காதிலிருந்து கம்மலைக் கழற்றி, காகிதத்தில் மடித்து, பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அனுசியா இப்போது காதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாளாம். வருகிறவர்கள் மிளகாய் வற்றலைப் பார்க்கிற நேரத்தைவிட அவள் காதைப் பார்க்கிற நேரம் அதிகம்.

பேப்பரில் எழுதுகிறவன் என்பதால் வதந்தியின் எடையைச் சரிபார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் அய்யாக்குட்டியின் முதலாளியிடம் போனேன்.

செல்வதுரை நாசரேத்துக்காரர். மேசைமேல் வேதாகமம், அதன்மேல் கால்குலேட்டர். துறைமுகத்துக்குப் போகிற வழியில் அவருடைய எடைமேடை இருக்கிறது: லாரி அப்படியே ஏறி நிற்கிற அளவுக்கு நீண்ட இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு சிறிய அறை. 2004-ல் சென்னையிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. அதோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அது அப்போதே பழசு. பொத்தானை அழுத்தி ரசீது கிழித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஐ.டி.ஐ. படித்த அய்யாக்குட்டியைச் சேர்த்தார். அந்த ஆளே பிறகு கம்ப்யூட்டருக்கு வைத்தியரும் ஆனார்.

“நான் அவரத் திருடன்னு சொல்லவே இல்ல, அண்ணாச்சி. அப்படிச் சொன்னா அது பாவம்லா. நாளையிலேருந்து வரவேண்டாம்னு மட்டும்தான் சொன்னேன்.”

“எதுக்கு வரவேண்டாம்னிய?”

“ஊர்ல திருடன்னு சொல்லுதாவள்லா, அதுக்குத்தான்.”

இதற்கு மேல் அந்த வழியில் போக இடமில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். அவரை நிறுத்துவதற்கு முன் மூன்று மாதமாகச் சில லாரிகளுக்கு எடை கூடுதலாகக் காட்டியிருக்கிறது. எல்லா லாரிக்கும் இல்லை. நான்கு லாரி சரியாக இருக்கும், ஐந்தாவது லாரியில் கூடும். கூடினால் எப்போதும் அறுநூற்று நாற்பது கிலோ. ஒரு கிலோ குறையாது, ஒரு கிலோ ஏறாது. உப்பு வாங்குகிறவர்கள் வேறு எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். செல்வதுரை மதுரையிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரரை வரவழைத்தார். வந்தவர் அய்யாக்குட்டியைக் காப்பி வாங்கி வர அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே குத்தியிருந்த கார்டை உருவி வெளிச்சத்தில் பார்த்து, “இதுல தங்கமே இல்லையே” என்றார்.

ரசீதுக்காக வாசலில் நின்ற இரண்டு ஓட்டுநர்களுக்கு அது போதும். அய்யாக்குட்டி காப்பித் தூக்கோடு திரும்புவதற்குள் அவர் திருடனாகிவிட்டிருந்தார்.

பழைய கம்ப்யூட்டர் அறையின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. அதன் இடத்தில் புதிய பெட்டி ஒன்று சுவரில் தொங்கியது. அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போனது. அந்தக் கார்டைக் கேட்டேன்.

“எடுத்துட்டுப் போங்க. தங்கம் கெடைச்சா பாதி எனக்கு” என்றார் செல்வதுரை. சிரித்தாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் அது கண்டுபிடிக்க முடியாத சங்கதி.

கார்டு என்பது இரண்டு உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சை அட்டை. மேலே கறுப்புப் பூச்சிகள் போலச் சில்லுகள். அடி விளிம்பில் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக மெல்லிய தகடுகள். தொழிலில் அவற்றை விரல் என்கிறார்கள். அந்த விரல்களுக்குத்தான் செய்யும்போதே தங்க முலாம் பூசுகிறார்கள். துரு பிடிக்காத ஒன்று வேண்டும் என்பதால்தான். கம்ப்யூட்டருக்கு நகை ஆசை எதுவும் கிடையாது. என் கையிலிருந்த கார்டின் விரல்கள் மஞ்சளாக இல்லை. செம்பாக இருந்தன, சில இடங்களில் பச்சை பூத்திருந்தது. ஆக வதந்தியில் முதல் பாதி உண்மை. தங்கம் இருந்திருக்கிறது, இப்போது இல்லை.

இரண்டாம் பாதிக்குக் கீழரத வீதிக்குப் போனேன். கம்ப்யூட்டர் தங்கத்தை உருக்கிக் கம்மல் அடித்துக் கொடுத்தவர் என்று ஊர் கைகாட்டிய மாரிராஜ் ஆசாரி அங்கேதான் பட்டறை வைத்திருக்கிறார்.

“நீங்கதான் உருக்குனியளாமே?” என்றேன்.

“ஊதுகுழாய வச்சி இந்தப் பச்சை அட்டைய உருக்கிப் பாருங்க. தெருவே நாறிப்போகும்” என்றார். “நான் உருக்குனது அவரு சம்சாரம் செண்பகம் அக்காவோட பழைய மோதிரம் ரெண்டு, அறுந்த செயின்ல ஒரு துண்டு. மகளுக்குக் கல்யாணம், இத வச்சி அரைப் பவுன்ல கம்மல் பண்ணிக் குடுன்னு அய்யாக்குட்டி அண்ணன் கொண்டாந்தாரு. முப்பது வருசப் பழக்கம். பில்லா போடுவாவ?”

“இத ஊர்ல சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே. அதுலேருந்து என்னயும் கூட்டுக் களவாணின்னு சொல்லுதாவ.”

பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய இன்னொரு கார்டையும் கொண்டு போயிருந்தேன். ஏறக்குறைய அதே வயது, ஆனால் பல வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மாரிராஜ் அதன் விரலை உரைகல்லில் ஒரு இழு இழுத்தார். பூனை முடி மாதிரி ஒரு மஞ்சள் கீற்று விழுந்தது. திராவகம் ஒரு சொட்டு விட்டார். கீற்று அப்படியே நின்றது. அடுத்து அய்யாக்குட்டியின் கார்டு. சிவப்பாக ஒரு கோடு. திராவகம் பட்டதும் நுரைத்துக் காணாமல் போனது.

“செம்புதான். தங்கம் சுத்தமாப் போயிட்டு” என்றார். பிறகு கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “ஆனா இதச் சுரண்டல, அண்ணாச்சி.”

“எப்படிச் சொல்லுதிய?”

“சுரண்டுனா பிளேடு பட்ட தடம் இருக்கும். ஓரம் பிய்ஞ்சிருக்கும். இது வழவழன்னு தேஞ்சிருக்கு. பொம்பளைய கழுத்துல இருபது வருசம் கெடந்த செயினு எப்படித் தேயும்? அப்படி. யாரோ இத ரொம்பப் பாசமாத் தேச்சிருக்காவ.”

“இந்த மாதிரி எத்தனை கார்டு இருந்தா அரைப் பவுன் வரும்?”

மாரிராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “எத்தனையா? லாரி லாரியா இருக்கணும். இந்த ஒரு கார்டுல உள்ளது ஒரு திருகாணிக்கு முலாம் பூசக்கூடக் காணாது.”

வதந்தி அங்கேயே செத்துவிட்டது. நான் அப்போதே திரும்பி வந்து நாலு வரி எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் பாசமாகத் தேய்த்தது யார் என்ற கேள்வி பாக்கி இருந்தது. அடுத்த நாள் காலையில் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு முத்தையாபுரத்துக்குப் போனேன்.

அய்யாக்குட்டிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி. ஒரு வாரத் தாடி. வேலையில்லாத மனிதர்கள் வழக்கமாகப் படுத்திருப்பார்கள். இவர் சட்டை போட்டு, பாக்கெட்டில் பேனா செருகி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், யாராவது கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக. இரண்டு மாதமாக யாரும் கூப்பிடவில்லை.

“தங்கம் பாக்க வந்தியளா? பீரோ தொறந்துதான் இருக்கு” என்றார்.

“இவர் அப்படி வரல. உக்காருங்க அண்ணாச்சி” என்று அவர் மனைவி செண்பகம் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். கேட்காமலே அலமாரியிலிருந்து ஒரு சீயக்காய் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பேருந்தில் திரும்பி வந்த கம்மல், வந்த காகிதத்திலேயே. “என் மோதிரம் ரெண்டும் இதுக்குள்ளதான் இருக்கு. நான் கையில போட்டிருந்தப்போ யாரும் களவுன்னு சொல்லல.”

அய்யாக்குட்டி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பேச்சை மாற்ற, அந்தக் கார்டு என்னதான் வேலை செய்தது என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. இரண்டு மாதத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். களவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

“ப்ராசஸர் இருக்குல்லா சார், அது எங்கயும் போகாது. வெளித்துறையில நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி ஒரே எடத்துல கெடக்கும். அதுக்கு லாரி தெரியாது, உப்பு தெரியாது, பிரிண்டர் தெரியாது. கணக்கு மட்டும்தான் தெரியும். வெளிய உள்ளத உள்ள கொண்டாந்து குடுக்கதுக்கு ஒரு ஆள் வேணும். அதுதான் கார்டு. அந்தக் காலத்து மதர்போர்டுப் பலகையில கறுப்பா நீளமா பள்ளம் வரிசையா இருக்கும், ஸ்லாட்டுன்னு சொல்லுவாவ. அதுல கார்டக் குத்துனா, ப்ராசஸர்லேருந்து வார ரோட்டுல அது சேந்துரும். எல்லாக் கார்டுக்கும் ஒரே ரோடுதான்.”

“ஒரே ரோட்டுல எல்லாரும் பேசுனா?”

“பேசப்படாது. ப்ராசஸர் ஒரு நம்பரச் சொல்லிக் கூப்பிடும், பெர்த் நம்பர் சொல்லிக் கப்பலக் கூப்பிடுத மாதிரி. நம்ம கார்டுக்கு முந்நூறு. கார்டுல சின்னச் சின்ன ஊசி நிக்கும், அதுல தொப்பி மாட்டி நான்தான் அந்த நம்பர வச்சேன். முந்நூறுன்னு கூப்பிட்டா நம்ம கார்டு மட்டும் பதில் சொல்லும். மத்ததுக்கும் காதுல விழும். ஆனா மூச்சு விடாது. ரெண்டு கார்டுக்கு ஒரே நம்பர் வச்சிட்டோம்னு வைங்க, ரெண்டும் சேந்து பேசி ஒண்ணும் விளங்காது.”

“நம்ம தெருக் குழாயடி மாதிரி” என்றார் செண்பகம் உள்ளே இருந்து.

“ஏளா, உன் நம்பர் இன்னும் வரல. சும்மா இரு.”

அவர் சிரித்த ஒரே தடவை அதுதான். கார்டு தானாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்யும் என்று கேட்டேன்.

“மணி அடிக்கும். அதுக்குன்னு தனிக் கம்பி இருக்கு. லாரி ஏறி நின்னு, ஆட்டம் அடங்கி, எடை நெலைச்ச ஒடனே கார்டு மணி அடிக்கும். ப்ராசஸர் செஞ்சிட்டிருக்க வேலைய அப்படியே போட்டுட்டு என்னன்னு கேக்கும். அப்புறம் வான்னு சொல்லாது. அந்த விசயத்துல அது முதலாளிமார் மாதிரி கிடையாது.”

“இப்ப உள்ள கம்ப்யூட்டர்ல?”

“அந்தக் கறுப்புப் பள்ளமே போயிட்டு. சின்னதா, ஒல்லியா வருது. ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி ரோடு. நம்பரும் அதுவா குடுத்துக்கிடுது. இல்லைன்னா ஒரே ஒயரு, வெளியேருந்து சொருகுனாப் போதும்.” காப்பியை ஒரு வாய் குடித்தார். “மனுசன் கை வைக்கதுக்கு எடமே வைக்கல.”

எடை எப்படிப் போகிறது என்பதையும் சொன்னார். கம்ப்யூட்டருக்கு முப்பத்திரண்டாயிரத்து எண்பது கிலோ என்று ஒரே சொல்லாகச் சொல்ல முடியாதாம். பழைய தராசு மாதிரி படிக்கற்களாகத்தான் அடுக்க வேண்டும். பத்துக் கிலோவுக்கு ஒரு கல், அடுத்தது இருபது, பிறகு நாற்பது, எண்பது, நூற்றறுபது, முந்நூற்றிருபது, அறுநூற்று நாற்பது என்று ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு கல்லுக்கும் கார்டில் ஒரு விரல். அந்தக் கல் உண்டா இல்லையா என்பதை மட்டும் அந்த விரல் சொல்லும். எல்லாவற்றையும் கூட்டினால் லாரி.

அறுநூற்று நாற்பது என்று சொல்லும்போது அவரே நின்றார். ஆனால் உடனே கடந்து போய்விட்டார், அல்லது கடந்து போக முயன்றார். சனிக்கிழமைக் கதைக்கு வந்தார்.

“இந்த ஊர்ல ஒரு வாரம் விட்டாப் போதும், விரல்ல பச்சப் பூத்துரும். உப்புக் காத்துல்லா. எடம் வேற உப்பு லாரி நிக்கிற எடம். அதனால சனிக்கிழமை சாயங்காலம் லாரி கொறஞ்ச ஒடனே பெட்டியத் தொறந்துருவேன். கார்டக் கழத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைய அழிக்க வச்சிருக்குமே ரப்பரு, அத வச்சி விரல் வரிசைய நல்லாத் தேச்சி, தூள ஊதித் தள்ளிட்டு, திருப்பிக் குத்துவேன். ஒரு சனிக்கிழமை விட்டதில்ல சார். அம்மா செத்த வாரங்கூட ஞாயித்துக்கிழமை போய்த் தேச்சேன். ஹார்பர் ரோட்டுல கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்லாம் என்னயத்தான் கூப்பிடுவாவ. கம்ப்யூட்டர் நின்னு போச்சா? அய்யாக்குட்டியக் கூப்பிடு, ரப்பரோட வருவாரு.”

பெருமையாகத்தான் சொன்னார். நான் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினேன். அந்த நேரத்தில் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

வாங்கியவர் கை தானாக வேலை செய்தது. இடது கை கார்டின் மேல் விளிம்பைப் பிடித்தது. வலது கைக் கட்டைவிரல், ரப்பர் இருப்பதாக நினைத்து, வரிசையின் ஓரத்தில் போய் அழுந்தியது. ஆயிரம் தடவை அழுந்திய இடம். தேய்க்க ஆரம்பிக்கும்போது எல்லோருடைய கையும் அங்கேதான் அதிகம் அழுத்தும். கட்டைவிரல் மூடிய இடத்தில் முதல் மூன்று தகடுகள் இருந்தன.

அவர் கட்டைவிரலை எடுத்துப் பார்த்தார். மற்றவை செம்பாகவாவது இருந்தன. மூன்றாவது தகட்டில் செம்பும் இல்லை. நடுவில் பச்சை அட்டை தெரிந்தது.

“ஓரத்துலேருந்து மூணாவது” என்றார். ஓரத்திலிருந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தார். மறுபடி சொன்னார். “மூணாவது விரலுதான் சார் அறுநூத்தி நாப்பது. கல்லு வரிசை வேற, விரல் வரிசை வேற.”

“விரல் போனா எடை கொறையத்தானே செய்யணும்? கூடக் காட்டிருக்கே.”

“கொறையாது. விரல் ஒட்டலைன்னா அந்தக் கம்பி அந்தரத்துல நிக்கும். அந்தரத்துல நிக்க கம்பி இல்லைன்னு சொல்லாது. உண்டுன்னுதான் சொல்லும். அந்தப் பலகை அப்படி. கல்லு உள்ள லாரிக்குச் சரியா இருக்கும், கல்லு இல்லாத லாரிக்கும் உண்டுன்னு சொல்லிரும். முப்பத்திரண்டாயிரத்து எண்பது, முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி இருபது ஆயிரும்.”

ஊரும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

“செவப்பு நெறம் வந்தப்பவே பாத்தேன்” என்றார். “உப்புதான் அரிக்குன்னு நெனச்சேன். கூடக் கொஞ்சம் அழுத்தித் தேச்சேன்.”

இந்த ஊரில் சைக்கிள் துருப்பிடித்தால் உப்புக் காற்று, சுவர் உதிர்ந்தால் உப்புக் காற்று, மின்விசிறி நின்றால் உப்புக் காற்று. உப்பைச் சந்தேகப்படாமல் ரப்பரைச் சந்தேகப்படும் ஆள் இங்கே பிறக்கவில்லை. தங்கம் இருந்தவரை அந்த விரல்களை உப்பால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ரப்பர் தங்கத்தை எடுத்தது. தங்கம் போன இடத்தில் உப்பு உட்கார்ந்தது. உப்பைப் போக்க மறுபடி ரப்பர். மாரிராஜ் தன் பட்டறைக் குப்பையைக்கூடக் கூட்டி வைத்து விற்கிறவர். அய்யாக்குட்டி இருபது ஆண்டாகச் சனிக்கிழமை தோறும் தங்கத்தை வாயால் ஊதித் தரையில் தள்ளியிருக்கிறார்.

செண்பகம் வாசலுக்கு வந்து நின்றார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “அப்போ களவு போகலல்லா? இதத்தான ரெண்டு மாசமாக் கேட்டுட்டு இருந்தோம்? அனு மாமியாருக்குப் போனப் போட்டு இதச் சொல்லுங்க.”

“சொல்ல முடியாது.”

“ஏன் முடியாது?”

“ஏளா, உனக்குப் புரியல. ஹார்பர் ரோட்டுல எத்தன ஆபீஸ்ல தேச்சிருக்கேன். எத்தன கார்டு. எல்லாத்தையும் நாந்தான் கொன்னுருக்கேன். திருடன்னு நெனச்சா ஊர்ல என்ன சொல்லுவான்? வேல தெரிஞ்ச கையி, புத்திதான் கெட்டுப் போச்சும்பான். இது தெரிஞ்சா வேலையே தெரியாதவன்பான். இருபது வருசமும் போயிரும்.” கார்டைக் கவிழ்த்து மடியில் வைத்தார். “திருடனாவே இருந்துட்டுப் போறேன்.”

“நீங்க இருப்பிய. அவ காதுல ஈர்க்குச்சியோடல்லா உக்காந்திருக்கா.”

செண்பகம் கம்மல் டப்பாவை அவர் முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். நான் கிளம்புவதா இருப்பதா என்று தெரியாமல் ஆறின காப்பியைக் குடித்தேன். தெருவில் மீன்காரர் ஒருவர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கூவிக்கொண்டு போய் முடித்த பிறகு, அய்யாக்குட்டி போனை எடுத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். முதலில் மகளிடம்.

“எப்பா, சாப்ட்டியளா?”

“அனு, அந்தத் தங்கத்த நாந்தான் அழிச்சேன்.”

அவர் சொன்னார். சனிக்கிழமைகளை, ரப்பரை, மூன்றாவது விரலை, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னார். எனக்கு விளக்கியபோது இருந்த தெளிவு அதில் இல்லை.

“ரப்பராலயா?” என்றாள் அனுசியா.

“ரப்பராலதான்.”

“நான் நம்புதேன்ப்பா.” குரலைத் தாழ்த்தினாள். “அத்தைட்ட எப்படிச் சொல்ல? களவாண்டுட்டாருன்னு சொன்னப்போ ஒடனே நம்புனாவ. தங்கத்த ரப்பர் வச்சி அழிச்சிட்டாருன்னு சொன்னா என்னயக் கிறுக்கிம்பாவ.”

அய்யாக்குட்டி என்னைப் பார்த்தார். பொய்யை நம்புவதற்கு அரைப் பவுன் போதும். உண்மையை நம்ப வைக்க உரைகல், திராவகம், பழைய கம்ப்யூட்டர், படிக்கல் கணக்கு எல்லாம் வேண்டியிருந்தது. இவ்வளவையும் பலசரக்குக் கடை கல்லாவில் வைத்து விளக்க முடியாது.

“எப்பா, மொதல்ல தேச்சது எந்த ரப்பரு?”

“உன்னோடதுதான்.”

“மாம்பழ வாசம் அடிக்குமே, அதா? மூணாங் கிளாஸ்ல என் டப்பாலேருந்து எடுத்துட்டுப் போனிய. நான் அழுதேன். வார சனிக்கிழமை புதுசு வாங்கியாரேன்னிய.”

“சொன்னேன்.”

“எத்தன சனிக்கிழமை ஆச்சு?”

எண்ணாமல் இருக்கத் தெரியாத மனிதர். “ஆயிரத்துக்கு மேல இருக்கும்” என்றார்.

அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். “அத மொதல்ல வாங்கிக் குடுங்க. கம்மல அப்புறம் பாப்போம்.” பின்னாலிருந்து, “யாருளா போன்ல?” என்று ஒரு குரல் கேட்டது. லைன் நின்றுவிட்டது.

மாமியாருக்கு அவர் போன் போடவில்லை. என்னைத்தான் பார்த்தார். “நீங்க எழுதுங்க சார். அவ அத்தை பேப்பர் படிப்பாவ. அறுநூத்தி நாப்பது கணக்கையும் விடாம எழுதுங்க. இல்லாட்டி நம்ப மாட்டாவ.” அந்தப் படிக்கல் கணக்கை இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பொன்செல்வி அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தால், கார்டை மாரிராஜிடமே கொடுத்துவைத்திருக்கிறேன், அதுவும் அவர் உரைகல்லும் கீழரத வீதியில் இருக்கின்றன. பேருந்து ஓட்டுநரே வழி சொல்லுவார்.

செல்வதுரையிடமும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்போ மிசினக் கெடுத்தது அவர்தான்” என்றார். வரவேண்டாம் என்று சொன்னதற்கு அவருக்கு இப்போது முதல் தடவையாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. துறைமுகச் சாலையில் ரப்பர் கதை போய்ச் சேர்ந்த பிறகும் தங்கக் கதை நிற்கவில்லை. இரண்டும் ஒரே சாலையில் சேர்ந்து ஓடுகின்றன. ரப்பரில் ஒட்டிய தங்கத்தை அவர் சேர்த்து வைத்திருக்கிறார் என்பது புதுக் கட்சி.

அய்யாக்குட்டி இப்போது ஸ்டேஷனரிக் கடைகளாக ஏறி இறங்குகிறார். அந்த மாம்பழ வாச ரப்பர் வருவதில்லையாம். போன் மாதிரி, டோனட் மாதிரி, கண் சிமிட்டும் பூனை மாதிரி எல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, “இது ஸ்ட்ராபெர்ரி” என்று திருப்பி வைத்துவிடுகிறார். “ஏலே, ரப்பர மோந்து பாக்குத ஆளப் பாருலே” என்று கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். வேறு வாசத்தில் ஒன்று வாங்கிப் போனால் என்ன என்று செண்பகம் கேட்டதற்கு, எடுத்தது மாம்பழம்தானே என்றாராம்.

கம்மல் சீயக்காய் டப்பாவில் இருக்கிறது. ரப்பர் இன்னும் கொடுத்தபாடில்லை.